அத்தியாயம் 4: மழையை அளக்கக் கற்போம்

ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைச் சீராகப் பரப்பினால், அது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் போதும். செய்தியில் சொல்லும் மழை அளவு உங்கள் மாடிக்கும் கிணற்றுக்கும் என்ன கொண்டுவந்தது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் அதே ஒரு செ.மீ. மழை 40,000 லிட்டரைத் தாண்டும். சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 140 செ.மீ. அந்த ஆயிரம் சதுர அடி மாடியில் ஓராண்டில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் பத்து நடைக்கு மேல்.

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2019 கோடையில் அதே நகரத்துக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இடையில் நான்கே ஆண்டுகள். வெள்ளத்தையும் வறட்சியையும் மாறி மாறிப் பார்க்கும் ஊரில் வாழ்கிறவர், தம் வீட்டில் எவ்வளவு பெய்தது என்று தெரியாமல் இருக்கக் கூடாது. நீர்ச் சுழற்சி எப்படி நடக்கிறது, வானிலையின் கூறுகளை எப்படிக் கவனிப்பது, மழையை வீட்டில் எப்படி அளப்பது, வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது ஆகிய நான்கையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

நீர் போகும் வழி

பள்ளிப் புத்தகத்தில் கடல், மேகம், மலை, ஆறு என்று அம்புக்குறி போட்டு ஒரு வட்டம் வரைந்திருப்பார்கள். படம் சரிதான். ஆனால் நம் பயன்பாட்டுக்கு அதை ஒரு வீட்டு வரவு செலவுக் கணக்காகப் பார்ப்பது நல்லது. வரவு ஒன்றே ஒன்று, மழை. செலவு மூன்று: ஆவியாகிப் போவது, ஓடிப் போவது, நிலத்துக்குள் இறங்குவது. மூன்றாவதுதான் நம் சேமிப்பு.

ஆவியாதல். கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்குச் சுமார் 6 மி.மீ. இழக்கும், வெயிலும் காற்றும் கூடினால் இன்னும் அதிகம். 6 மி.மீ. என்பது ஏக்கருக்கு 24,000 லிட்டர். நூறு ஏக்கர் ஏரி யாரும் ஒரு குடம் எடுக்காமலே ஒரு நாளில் 24 லட்சம் லிட்டரை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாய் அகன்ற வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, வெயிலில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். வாளியின் பக்கங்கள் சூடாவதால் ஏரியைவிடச் சற்று அதிகமாகவே இறங்கும். காகமும் நாயும் குடிக்காதபடி மேலே கம்பிவலை போடுங்கள்.

நீராவிப்போக்கு. செடிகொடிகள் வேரால் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதியை இலைத்துளைகள் வழியாக வெளியே விடுகின்றன. காலையில் செம்பருத்தியின் ஒரு கிளையை இலைகளோடு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடி, அடியில் நூலால் கட்டிவிடுங்கள். மதியத்துக்குள் பையின் உட்புறம் துளித்துளியாக வேர்த்து, கீழ்முனையில் தண்ணீர் சேர்ந்திருக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது. பார்த்ததும் பையை அவிழ்த்துவிடுங்கள், இலை வெந்துவிடும்.

குளிர்ந்து நீராதல். சூடான காற்று நிறைய நீராவியை வைத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்றால் முடியாது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம். காற்று மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது. தாங்க முடியாமல் போன நீராவி, காற்றில் மிதக்கும் தூசியையும் கடல் உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு நுண்துளியாகிறது. அந்தத் துளிக் கூட்டம்தான் மேகம். ஆகவே மழைக்கு ஈரக் காற்று இருந்தால் மட்டும் போதாது. அதை மேலே தூக்கும் காரணம் ஒன்றும் வேண்டும். மலை தூக்கலாம், சூடான தரை தூக்கலாம், கடற்காற்று தரைக்காற்றின் அடியில் நுழைந்து தூக்கலாம், புயல் தூக்கலாம்.

இதில் வெப்பக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. முப்பது டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. அந்த வெப்பம் நீராவியோடு சேர்ந்தே பயணம் செய்து, மேகத்தில் அது நீராகும்போது வெளியே வருகிறது. வங்கக் கடல் 28, 29 டிகிரி வெப்பத்தோடு இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் புயல்கள் பிறப்பதற்கு இந்த வெப்பமே எரிபொருள்.

ஓட்டமும் ஊடுருவலும். பெய்த மழை வழிந்தோடுமா, இறங்குமா என்பதை மண்ணும் மழையின் வேகமும் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, கடினப் பாறை நிலம். அங்கே பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் தானாக நிலத்தடிக்குப் போய்ச் சேர்கிறது. ஏரி, குளம், ஊருணி, கண்மாய் எல்லாம் இந்தப் பங்கைக் கூட்டுவதற்காக நம் முன்னோர் வெட்டிவைத்தவை. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழக அரசு கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

நம் மழை எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 920 மி.மீ. அளவில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி, சுமார் 440 மி.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நமக்கு அப்போது பெரும்பாலும் காற்றுக்காலம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, கேரளத்திலும் வால்பாறை, தேவாலா போன்ற மலையூர்களிலும் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகி வறண்டுவிடும். ஆடியில் புழுதி கிளப்புவது இந்தக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் மட்டும் அது மலையேறாமல் நேராக நுழைகிறது. குற்றாலத்தில் சாரல் அடிப்பதும், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான்.

அக்டோபர் நடுவில் தென்மேற்குக் காற்று விலக, வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலைக் கடந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். இந்த மழை தினமும் சீராகப் பெய்வதில்லை. கீழைக்காற்றின் அலைகளும், காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளும், புயல்களும் வரும்போது நாலைந்து நாள் அடைமழை, பிறகு வெயில். ஒரு தாழ்வுப் பகுதி கரையை நெருங்கும் இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால், ஒரு மாவட்டத்தில் வெள்ளமும் பக்கத்து மாவட்டத்தில் தூறலுமாக முடிந்துவிடும். பக்கத்து ஊர் மழை அளவு உங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். அன்று புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. ஓர் ஊருக்கு மேலே உள்ள காற்றில் இருக்கும் நீராவி முழுவதையும் பிழிந்தாலும் நம் கடற்கரையில் ஆறேழு செ.மீ.தான் தேறும். மீதியெல்லாம் கடலிலிருந்து காற்று விடாமல் கொண்டுவந்து குவித்தது. புயலுக்குப் பெயர் வைத்தால்தான் பயப்பட வேண்டும் என்ற எண்ணத்தை இந்த ஒரு நாள் மாற்றியிருக்க வேண்டும்.

வானிலையின் கூறுகளைக் கவனிப்பது

வெப்பநிலை. அறிக்கையில் வருவது நிழலில், காற்றோட்டத்தில் அளந்த காற்றின் வெப்பம். ஆய்வகங்களில் வெள்ளையடித்த, சட்டப்பலகை வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் வெப்பமானி இருக்கும். நீங்கள் வடக்குப் பார்த்த, வெயில் படாத சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். ஏசி பெட்டியின் சூடான காற்று வருமிடம், சமையலறை ஜன்னல், மொட்டை மாடித் தளம் மூன்றும் ஆகாது. மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கோவையைவிட ஊட்டி பன்னிரண்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருப்பதன் கணக்கு இது.

கடற்கரை ஊர்களில் கோடையின் உச்ச வெப்பத்தை முடிவு செய்வது கடற்காற்று. சென்னையில் அது நண்பகலை ஒட்டி உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறாது. மேல்காற்று பலமாக இருந்து கடற்காற்றைத் தடுத்துவிடும் நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும். மே மாதத்தில் காற்று கிழக்கே திரும்பும் நேரத்தைத் தினமும் குறித்துவைத்துப் பாருங்கள். அன்றைய உச்ச வெப்பத்தோடு அது எப்படி ஒத்துப்போகிறது என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

ஈரப்பதம். காலையில் 26 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மதியம் வெப்பம் 36 ஆகும்போது, காற்றில் உள்ள நீராவி துளியும் குறையாவிட்டாலும், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிக் காட்டும். காற்றின் கொள்ளளவு கூடியதே காரணம். அதனால் சதவீதத்தைவிடப் பனிநிலை நம்பகமானது. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்குமோ, அதுவே பனிநிலை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளரும் வெப்பமானியும் போதும். டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை வைத்து, சிறுசிறு ஐஸ் துண்டாகப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறப் பளபளப்பு மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பமானியைப் பாருங்கள். மே மாதச் சென்னையில் அது 25, 26 டிகிரியிலேயே நடந்துவிடும். புழுக்கம் தாங்க முடியாததும் அதனால்தான். பனிநிலை 24-ஐத் தாண்டினால் வியர்வை எளிதில் உலராது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் அன்று இடைவேளையைக் கூட்டிக்கொள்ள வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இதே எண்ணைக் கொண்டு திரள் மேகத்தின் அடிப்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் சொல்லலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். வெப்பம் 32, பனிநிலை 24 என்றால் எட்டை 125-ஆல் பெருக்க ஆயிரம் மீட்டர்.

காற்றழுத்தம். கடல் மட்டத்தில் சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல். பல கைப்பேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கிறது. அதைக் காட்டும் செயலியை இறக்கிக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, உயரம் எட்டு ஒன்பது மீட்டர் கூடினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் நேற்றும் மூன்றாம் மாடியில் இன்றும் பார்த்துவிட்டு அழுத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது, நம் வெப்ப மண்டலத்தில் அழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி அளவில் உச்சம், மாலை நான்கு மணி அளவில் தாழ்வு. இரவிலும் அதே போல. இந்த வேறுபாடே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை போகும். ஆகவே நேற்றைய காலை 8.30-ஐ இன்றைய காலை 8.30-உடன் மட்டுமே ஒப்பிடுங்கள். ஒரே நேரத்து அளவு தொடர்ந்து இறங்கிவந்தால் தாழ்வுப் பகுதி நெருங்குகிறது என்று பொருள்.

காற்று. எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையால் காற்றைக் குறிக்க வேண்டும். கரையோர மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பதும் இந்த முறையில்தான். வேகத்தை அளக்கக் கருவி இல்லையென்றால் மரங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது:

- இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ.
- சிறு கிளைகள் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19.
- தூசியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28.
- சிறு மரங்கள் ஆடினால் 29 முதல் 38.
- பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாவிட்டால் 39 முதல் 49.
- முழு மரமும் ஆடினால் 50 முதல் 61.
- கிளைகள் முறிந்து, எதிர்க்காற்றில் நடக்கத் திணறினால் 62-க்கு மேல்.

கடைசி வரியை நினைவில் வையுங்கள். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலத்தைப் புயல் என்று அறிவிப்பதும் காற்று 62 கி.மீ. வேகத்தைத் தொடும்போதுதான்.

மேகம். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். வகைகளில் நான்கை அடையாளம் காணப் பழகினால் போதும். உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகம் பனித்துகளால் ஆனது. அதிலிருந்து மழை தரையை எட்டாது. அடி தட்டையாக, மேலே குவியலாக இருப்பது திரள் மேகம். வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் விரிவது படை மேகம். தூறலோ நீண்ட மழையோ தரும். திரள் மேகம் கோபுரமாக வளர்ந்து, உச்சி விரிந்து, அடி கறுத்தால் அது கார்திரள் மேகம். இடி, மின்னல், சூறைக்காற்று மூன்றும் அதில் உண்டு.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் வரும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் வயலில் இருப்பவர்கள் உடனே கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். மரத்தடி, குளக்கரை, திறந்த கொட்டகை எதுவும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே செல்லுங்கள். மின்னல் அருகில் விழும் வாய்ப்பை முன்கூட்டிச் சொல்ல புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி இருக்கிறது.

மழைமானி செய்யும் முறை

கடையில் வாங்க வேண்டியது ஒரு பிளாஸ்டிக் புனலும் ஒரு கேனும்தான். வாயின் உள்விட்டம் சரியாக 16 செ.மீ. உள்ள புனலைத் தேடி வாங்குங்கள். அதன் வாய்ப்பரப்பு 201 சதுர செ.மீ. வருவதால், விழும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் 20 மில்லிலிட்டர் சேரும். கணக்கு எளிது: கேனில் சேர்ந்த மில்லிலிட்டரை 20-ஆல் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் கிடைக்கும். 16 செ.மீ. கிடைக்காவிட்டால் உள்ள புனலின் வாய்ப்பரப்பைக் கணக்கிட்டு, சேர்ந்த மில்லிலிட்டரை அந்தப் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள்.

கேன் பெரிதாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் பாட்டில் 10 செ.மீ. மழையிலேயே நிரம்பி வழியும். ஐந்து லிட்டர் கேன் 25 செ.மீ. வரை தாங்கும். காயல்பட்டினத்து மழை இந்தப் புனலில் விழுந்திருந்தால் 19 லிட்டர் சேர்ந்திருக்கும்; வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஏறக்குறைய நிறைந்திருக்கும். வழக்கத்துக்கு ஐந்து லிட்டர் போதும். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் இடையிலேயே ஒருமுறை அளந்து, காலி செய்து, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம்தான் அளவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்குத் தொலைவாவது தள்ளி வையுங்கள். புனலின் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். கீழே சிமென்ட் தளமாக இருந்தால் மழைத்துளி தெறித்து உள்ளே விழும், அதனால் புல்லோ மணலோ நல்லது. நகரத்தில் மொட்டை மாடியைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் கைப்பிடிச் சுவரை விட்டு நடுவில் வைத்து, தளம் தெறிக்காதபடி கீழே கோணிச் சாக்கு விரிக்கலாம். மாடியில் காற்று வேகம் அதிகம் என்பதால் அளவு சற்றுக் குறைவாக வரும். நோட்டின் முதல் பக்கத்தில் ‘மாடியில் வைத்தது’ என்று எழுதிவிடுங்கள்.

கேனைச் செங்கற்களுக்கு நடுவில் நிறுத்துங்கள், காற்று சாய்த்துவிடாமல் இருக்கும். புனலின் கழுத்தில் சிறு கம்பிவலைத் துண்டு ஒன்றை வையுங்கள். வேப்பஞ்சருகும் காக்கை எச்சமும் அடைத்துக்கொள்ளாது, கொசு உள்ளே போய் முட்டையிடாது. புனலுக்கும் கேன் வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் டேப் ஒட்டி அடையுங்கள். இல்லாவிட்டால் புனலின் வெளிப்புறத்தில் வழியும் தண்ணீரும் உள்ளே போய் அளவைக் கூட்டிக் காட்டும்.

அளக்கும் நேரம் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதும் மழையை அந்த நேரத்தில் எடுக்கிறது. உங்கள் அளவை மற்ற ஊர்களோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்களும் அதையே பின்பற்ற வேண்டும். கேனைத் தூக்கி, சமதளத்தில் வைத்த அளவுக் குவளையில் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். குவளையில் தண்ணீரின் ஓரம் சற்று ஏறி, நடு குழிந்திருக்கும். குழிந்த அடிமட்டமே சரியான அளவு. குறைந்த மழையை இருமல் மருந்தோடு வரும் மூடியால் அளக்கலாம். அதில் ஐந்து மில்லிலிட்டர் என்றால் கால் மில்லிமீட்டர் மழை. தரை நனைந்தும் கேனில் அளக்கும்படி எதுவும் சேராவிட்டால் ‘துளி’ என்று எழுதுங்கள்.

வானிலை அறிக்கையைப் படிப்பது

‘இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்’ என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். திங்கள் இரவு பெய்த மழை செவ்வாய்க்கிழமை கணக்கில் வருவது அதனால்தான். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழை நாள். அதற்கு மேலான படிகள்:

- 2.5 முதல் 15.5 மி.மீ. வரை இலேசான மழை.
- 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை.
- 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை.
- 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை.
- 204.5 மி.மீ.க்கு மேல் அதி கனமழை.

இடம் பற்றிய சொற்களுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழை நிலையங்களில் கால் பங்குக்குள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதிக்குள். ‘பல இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்குள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று சொன்ன நாளில் உங்கள் தெருவில் மழை இல்லாவிட்டால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஓரிரு இடம் நம் ஊராகவும் இருக்கலாம் என்று எண்ணி ஏற்பாடு செய்துகொள்வதே முறை.

கடலில் உருவாகும் அமைப்புகளைக் காற்றின் வேகத்தால் வகைப்படுத்துகிறார்கள். மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிர புயல். அதற்கு மேல் அதி தீவிர புயல். இந்தப் பட்டியல் காற்றைச் சொல்கிறது, மழையைச் சொல்லவில்லை. மெதுவாக நகரும் சாதாரணத் தாழ்வுப் பகுதி, வேகமாகக் கடந்துபோகும் புயலைவிட அதிக மழை கொட்டலாம்.

நிறங்களைப் பொறுத்தவரை, பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் வந்தால் செய்தியைத் தொடர்ந்து கவனியுங்கள். ஆரஞ்சு வந்தால் ஆயத்தமாகுங்கள்: மருந்து, குடிநீர், டார்ச், கைப்பேசி சார்ஜ், தாழ்வான இடத்தில் நிற்கும் வண்டி, கால்நடை எல்லாவற்றையும் பாருங்கள். சிவப்பு வந்தால் அதிகாரிகள் சொல்வதைத் தாமதிக்காமல் செய்யுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு போதும். நாளுக்கு ஒரு வரி: தேதி, மழை, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம், காற்றின் திசை, எட்டில் எத்தனை பங்கு மேகம், ஒரு சிறு குறிப்பு. ‘மாலை 4 மணிக்கு இடி, 20 நிமிட மழை’ என்பது போன்ற குறிப்புகள் பின்னாளில் மிகவும் உதவும். மழை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால் மழை பெய்யவில்லையா, நீங்கள் அளக்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளந்து, ‘மூன்று நாள் மொத்தம்’ என்று எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். கயிற்றின் நுனியில் சிறு கல் கட்டி இறக்கி, நனைந்த இடம்வரை அளவுநாடாவால் பார்த்தால் போதும். மழைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி, எத்தனை செ.மீ. மழைக்குப் பிறகு மட்டம் ஏறத் தொடங்குகிறது, ஏறிய தண்ணீர் எந்த மாதம்வரை நிற்கிறது ஆகியவை ஓரிரண்டு பருவங்களில் பிடிபடும். விவசாயி எவ்வளவு பரப்பில் பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்வதற்கும், குடியிருப்புச் சங்கம் எப்போது லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று திட்டமிடுவதற்கும் இந்த எண்கள் வேண்டும். வேறு எந்த அலுவலகத்திலும் உங்கள் கிணற்றின் கணக்கு கிடைக்காது.

1792-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வானாய்வு நிலையத்தில், இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே ஆட்கள் உட்கார்ந்து நாள்தோறும் வானிலையைக் குறித்துவைத்தார்கள். எது இயல்பான மழை, எது அளவுக்கு மிஞ்சிய மழை என்று இன்று சொல்ல முடிவது அப்படி விடாமல் எழுதியவர்களால்தான். உங்கள் தெருவுக்கும் வயலுக்கும் அந்த வேலையைச் செய்ய உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

புரட்டாசி முடிவதற்குள் புனலையும் கேனையும் வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் விடுமுறை நாட்களில் அளக்கும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். வைத்த மறுநாள் காலை 8.30 மணிக்கு முதல் வரியை எழுதுங்கள். அன்று மழை பெய்யாமல் இருந்தாலும் 0 என்று எழுதித் தொடங்குங்கள்.